மூன்றாவது ஜீப்

இதில் வருவதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். பாக்கியநாதனின் இரண்டாவது ஜீப் சாம்பல் நிறமா பச்சையா என்று ஸ்பிரிங்வெளியில் கேட்டால் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். நான் சாம்பல் என்பேன். சத்தியம் செய்ய மாட்டேன். வீரசிங்கம் இறந்தது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்பதும் குழம்பிக் கிடக்கிறது. பாக்கியநாதன் அன்றைக்கு ஹார்ன் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் குழம்பாமல் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவருக்கு வந்த சோதனை.

அவர் ஹயர், அதாவது வாடகை வண்டி, ஓட்டிப் பிழைத்தவர். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. வீடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், மாதா கோயிலை ஒட்டி. மனைவி றீட்டா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள் நிஷாலினியை எல்லயில் சுற்றுலாத் தொழில் செய்யும் றொனிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பாக்கியநாதன் தன் காலத்தில் மூன்று ஜீப் வைத்திருந்தார். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். பின்னால் ஒட்டியிருந்த எழுத்துகள்கூட அதே எழுத்துகள்தான். பெயரை மாற்றாமல் உடம்பை மாற்றிக்கொண்டே போனார்கள்.

முதலாவது ஒரு தகரப் பெட்டி. அதன் மூலைகளைத் தடவினால் கை வெட்டிவிடும் போலிருக்கும். ஸ்பெயார் டயர் பின்கதவில் தொங்கும். அந்தக் கதவு அலுமாரிக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். கண்ணாடியை இறக்கக் கையால் சுற்ற வேண்டும். முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருந்த தூண்கள் மெலிசு. ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தால் பாதை முழுக்க மடியில் விரித்து வைத்தது போலத் தெரியும். பானட்டுக்கு முன்னால் கோழிக்குஞ்சு நின்றாலும் தெரியும். டீசல் என்ஜின், பனிக்காலக் காலைகளில் நெஞ்சுச்சளிக்காரன் போல இருமி இருமித்தான் எழும்பும். எழும்பிவிட்டாலோ கீழ்ப் பிரிவில் கியர் மாற்றுவது, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் மேல் லயத்தில் கேட்கும். கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்கள் திரும்பிப் பார்க்காமலே பாதையோரம் ஒதுங்குவார்கள். "பாக்கியம் அண்ணன் வர்றாரு" என்பதைத் தவிர அதில் அவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

அந்த ஜீப்பின் பின் ஆசனத்தை மடித்துவிட்டால் ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைக்கலாம். மேல் லயத்துக்குத் த்ரீவீல் ஏறாது. மழை பெய்தால் அம்புலன்சும் கீழேயே நின்றுவிடும். பிரசவ வலி, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தவன், எல்லாரும் அந்தத் தகரப் பெட்டியில்தான் பதுளைக்குப் போனார்கள். ஒரு பிள்ளை வழியில், துரையின் பங்களா வளைவிலேயே பிறந்துவிட்டது. அதற்கு ஞானஸ்நானப் பெயர் என்ன வைத்தார்களோ, தோட்டத்தில் ஜீப்பாயி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது.

இரண்டாவது ஜீப்பில் மூலைகள் உருண்டைக்கு வந்துவிட்டன. உடம்பு ஒரு முழம் நீண்டது. டயர் பின்கதவை விட்டு வண்டியின் வயிற்றுக்குள் போய்விட்டது. கதவும் மேல்நோக்கித் திறந்தது. இருமல் நின்று ஒரு பெருமூச்சு மாதிரியான சத்தம் வந்தது. தூண்கள் கொஞ்சம் தடித்தன. உள்ளே காற்றுப் பைகள் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் என்று கராஜில் சொன்னார்கள். பாக்கியநாதன் தலையை முன்னால் நீட்டி வளைவு பார்க்கப் பழகிக்கொண்டார். மற்றபடி அது நல்ல வண்டி. நிஷாலினி மணப்பெண்ணாக மாதா கோயிலுக்குப் போனதும் அதில்தான்.

பிறகு நாட்டில் டீசல் இல்லாமல் போன காலம் வந்தது. பதுளை எண்ணெய் ஷெட்டுக்கு முன்னால் வரிசையில் ஜீப்பை விட்டுவிட்டு அதற்குள்ளேயே உண்டு உறங்கினார்கள். வரிசைக் காலம் முடிந்தும் எண்ணெய் விலை இறங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வண்டி வருவதும் நின்று போயிருந்தது. றொனி கொழும்பில் யாரையோ பிடித்து, அதே பெயரில் மூன்றாவது தலைமுறை வண்டி ஒன்றை, ஹைபிரிட், பாவித்ததுதான் என்றாலும் புதுசு போலிருந்ததை, கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"மாமா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லவுக்கு வர்ற வெள்ளக்காரன் அந்தப் பழசுல ஏறமாட்டான். இது பாதி தூரம் பெட்றியிலயே ஓடும்."

"பெட்றியில ஓடுறதுக்கு இது என்ன டோர்ச் லைட்டா?" என்றாள் றீட்டா.

"ஏறிப் பாருங்க மாமி."

றீட்டா ஏறினாள். றொனி ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போனான். வேலியும் கோயில் மதிலும் பின்னால் நகர்ந்தன.

"இன்னும் ஸ்டார்ட் பண்ணலியே?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வியை எல்லயிலும் பதுளையிலும் சொல்லிச் சொல்லி றொனி பல நாள் சிரித்தான்.

மூன்றாவதில் கூரை பின்பக்கம் சரிந்திருந்தது. கண்ணாடிகள் சிறுத்து, இடுக்கிப் பார்க்கும் கண்கள் போலாகிவிட்டன. பானட் உயர்ந்து நின்றது. முன் தூண்கள் பலாமரக் கிளைத் தடிப்பு. ஸ்பெயார் டயரே இல்லை. அதற்குப் பதில் ஒரு பசைக் குப்பியும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் கொடுத்திருந்தார்கள். பின் ஆசனத்தை மடித்தாலும் நடுவில் ஒரு மேடு மிஞ்சியது. கதவு திறந்திருந்தால் கத்தியது, பெல்ட் போடாவிட்டால் கத்தியது, பின்னால் போனால் கத்தியது. உள்ளே இருப்பவர்களிடம் அது ஓயாமல் பேசியது. வெளியே இருப்பவர்களிடம் அதற்குப் பேச்சே கிடையாது.

ஹயர் நிலையத்தில் அவருக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவன் ஜாபிர். வான்காரன், வாய்க்காரன். முதல் நாளே சுற்றிவந்து பார்த்துவிட்டான்.

"அண்ணே, இது நல்ல சாமான். பொஞ்சாதிக்குத் தெரியாம வீட்டுக்கு வந்து சேரலாம்."

"தெரியாம வர்ற மாதிரி நான் எங்கடா போறேன்?"

"இனிமே போங்க! வண்டிதான் வந்திருச்சே."

பாக்கியநாதனும் சிரித்தார். ஆனால் அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் அவருக்கு ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஓட்டுகிறவரே ஒரு பச்சை விளக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. வளைவுகளில் முன்னைவிட அதிகம் ஹார்ன் அடித்தார். அதை யாருக்கும் அவர் விளக்கிச் சொன்னதில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த லயத்துக்கு முன்னால், பாதை நெடுக மூங்கில் நட்டு வெள்ளைக் கொடி கட்டுவார்கள். கட்டிவிட்டால் முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடி வரைக்கும் வண்டிகள் ஹார்ன் அடிப்பதில்லை. ரேடியோவையும் நிறுத்திவிடுவார்கள். கொழுந்து லொறியாக இருந்தாலும் சரி, துரையின் வண்டியாக இருந்தாலும் சரி. மீன் வண்டிக்காரன் ஒருவன் தெரியாமல் அடித்துவிட்டு, தெரிந்ததும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். சாவு வீட்டில் அதட்டக் கூடாது. அவ்வளவுதான் அதன் அர்த்தம். பழைய வண்டிகள் இருந்த நாளில் இந்த வழக்கத்தால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. என்ஜினே தன் வரவைச் சொல்லிவிடும்.

வீரசிங்கம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். பாக்கியநாதனைவிடக் கொஞ்சம் மூத்தவர். இரண்டு பேரும் சிறு வயதிலிருந்து பழக்கம். சாமி வேறானாலும் தீபாவளிப் பலகாரம் இங்கே வரும், நத்தார் கேக் அங்கே போகும். வீரசிங்கத்துக்கு மூச்சு முட்டத் தொடங்கிய பிறகு அவரைப் பதுளைக்கு ஏற்றி இறக்கியது பாக்கியநாதன்தான். அவர் படுக்கையிலேயே, தூக்கத்தில் போய்விட்டார்.

அன்று பிற்பகல் பாக்கியநாதன் பதுளையிலிருந்து சாவு வீட்டுக்கு வேண்டிய பிஸ்கட் பெட்டியும் சீனியும் ஒரு மலர்வளையமும் ஏற்றிக்கொண்டு, வழியில் றீட்டாவையும் ஏற்றிக்கொண்டு மேலே போனார். மூடுபனி இறங்கியிருந்தது. பங்களா வளைவைத் தாண்டினால் பாதை மேல் லயத்தை நோக்கி இறங்கும்.

"கொடி தெரியுது" என்று சொல்லி றீட்டா ரேடியோவை நிறுத்தினாள்.

அவர் வேகத்தைக் குறைத்தார். இறக்கத்தில் என்ஜின் தானாகவே ஓய்ந்து பச்சை விளக்கு எரிந்தது. சாவு வீட்டில் அந்த நேரம் தப்பு அடிப்பவர்கள் தேநீர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள். ஒப்பாரியும் ஓய்ந்திருந்தது. மலையில் எப்போதாவது வரும் அப்படியொரு அமைதி. அதற்குள் ஜீப் இறங்கியது. கொடிகள் ஒன்றொன்றாகக் கண்ணாடியைத் தாண்டின. இடது பக்கம் பாதை திரும்பும் இடத்தில் பாக்கியநாதனின் கை ஹார்ன் பக்கம் போயிருக்க வேண்டிய நேரம். போகவில்லை. கும்பிடுகிற எண்ணத்தில் அவர் மனசு இருந்தது.

வீரசிங்கத்தின் மகள் ஜெயலெட்சுமி திருப்பத்தின் உட்புறத்தில் பாதைக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். லயத்துக்குள் போனுக்கு சிக்னல் வராது. அந்த ஓர் இடத்தில்தான் வரும். கத்தாரில் இருந்த அண்ணன் அழுதுகொண்டே பேச, அவள் ஒரு காதில் போனை அழுத்தி மறு காதைக் கையால் பொத்தியிருந்தாள். திரும்பும்போது அந்தத் தடித்த தூண் அவளை முழுசாக மறைத்துக்கொண்டது. றீட்டாதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, ஏங்க, ஜெயா..."

அடி பலமில்லை. ஆள் தடுக்கி விழுந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் பாதையோர வடிகால் கானுக்குள், கல்லின் மேல் இடுப்பு படும்படி விழுந்தாள். போன் பாதையில் கிடந்து "ஜெயா, ஜெயா" என்று கத்திக்கொண்டிருந்தது.

லயம் முழுக்க ஓடி வந்தது. நான்கு பெண்கள் அவளைத் தூக்கினார்கள். பாக்கியநாதன் பின்கதவைத் திறக்க ஓடினார். அது கையால் திறக்கிற கதவு இல்லை. பொத்தானை அழுத்தியதும் கீ, கீ என்று அறிவித்துவிட்டு, தன் மரியாதைக்குத் தகுந்த வேகத்தில், மெல்ல மெல்ல மேலே போனது. ஜெயலெட்சுமி பெண்களின் கைகளில் முனகிக்கொண்டிருந்தாள். யாரோ கதவைப் பிடித்துத் தள்ளப் பார்க்க, அது பயந்துபோய் நின்று, மறுபடி இறங்கத் தொடங்கியது. "எடு சனியன!" என்று ஒரு கிழவி கத்தினாள். ஆசனத்தை மடித்தும் நீட்டிப் படுக்க வைக்க முடியவில்லை. நடுமேட்டில் சேலைகளைச் சுருட்டி வைத்து, காலை மடக்கி, தலை ஒருத்தியின் மடியில் இருக்கும்படி ஏற்றினார்கள். பதுளை போகும் வரை எல்லா வளைவிலும் அவர் ஹார்ன் அடித்தார். அதை றீட்டா கவனித்தாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், பிறகும் பழையபடி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொன்னார். மலை ஏற முடியாவிட்டால் கொழுந்தெடுக்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

றொனி எல்லயிலிருந்து வந்து சேர்ந்தபோது பாக்கியநாதன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பொலிஸ் கேட்டா ஹார்ன் அடிச்சேன்னு சொல்லுங்க."

"அடிக்கல."

"தெரியும். அடிச்சேன்னு சொல்லுங்க. பனிமூட்டம், திருப்பம், ஹார்ன் இல்லன்னா கவனக்குறைவுன்னு எழுதிருவானுங்க. லைசன் போயிரும். கேஸ் வருசக்கணக்கா இழுக்கும்."

"சாவு வீடுடா."

"அத பொலிசுல சொல்லிப் பாருங்களேன்! சாவு வீட்டுக்கு முன்னால அடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கான்னு கேப்பான்."

"நான் அடிச்சேன்னு சொன்னா, அவ கேட்டும் ஒதுங்காம நின்னான்னு ஆயிரும்ல?"

றொனி கெட்டவன் இல்லை. மாமனார் இந்த வயசில் நீதிமன்ற வாசலில் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் வீரசிங்கத்தை அடக்கம் செய்தார்கள். பாக்கியநாதன் நடந்தே போனார். கூட்டத்தோடு சேராமல், தேயிலைச் செடிகளுக்கு நடுவே தள்ளி நின்றார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவன் திட்டியிருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்து திரும்பும்போது வீரசிங்கத்தின் மனைவி மாரியாயி அவரைக் கூப்பிட்டாள். ஒரே இரவில் புருசனைப் பறிகொடுத்து, மறுபகலில் மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள்.

"தம்பி, நீ ஏன் அங்கன போய் நிக்கிற?"

அவர் செடிகளை விலக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

"நீ ஹார்ன் அடிச்சேன்னே சொல்லிக்க."

"அக்கா..."

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. உயிரோட இருக்கையில உன் ஜீப்பு சத்தத்துல எத்தன நாளு எந்திரிச்சிருக்காரு. செத்த பொறவு ஒரு தடவ கேட்டா என்னா?" என்று சொல்லி, அழாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பொலிசில் வாக்குமூலத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஜீப் பொலிஸ் வளவில் நின்றது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியநாதன் பூசைக்குப் போனார். நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. றீட்டா மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். பிறகு பதுளைக்குப் பஸ் எடுத்து ஜெயலெட்சுமியைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து, ஆள் தேறி வருகிறாள் என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். மழை தகரத்தில் விழுவதைக் கேட்டார்கள். அவர்களுக்கு இடையில் பேச்சு குறைவாக இருப்பது புதிதல்ல. ஆனால் இந்த முறை அவள் எதையோ வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அது அவருக்குப் பட்டது. கேட்கவில்லை.

இரவு கழிவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். உள்ளதைச் சொல்லிவிடுவது. லைசன் போனால் போகட்டும். ஜெயலெட்சுமியின் மேல் ஒரு சொல் விழக் கூடாது.

பொலிஸ் நிலையத்தில் போக்குவரத்துப் பகுதி சார்ஜன் சிங்களவர்; தோட்டப் பக்கம் வேலை செய்து பழகிய தமிழ் வைத்திருந்தார். பாக்கியநாதனை அவருக்கு வருசக்கணக்காகத் தெரியும். நாற்காலியைக் காட்டினார்.

"பாக்கியநாதன், வேல லேசு. நீங்க ஹோன் அடிச்சது. அந்தப் பொம்பள கேக்கல்ல. அதானே?"

"இல்ல சேர். நான் ஹார்ன் அடிக்கல."

சார்ஜன் பேனையை மேசையில் வைத்தார்.

"என்ன சொல்றது நீங்க? அந்தப் பொம்பள ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லிட்டது. ஹோன் கேட்டது, டெலிபோன் பேசினதால ஒதுங்கல்ல, டிரைவர் மேல பிழை இல்ல. நான் ரெண்டு தரம் கேட்டது. ரெண்டு தரமும் அதேதான் சொன்னது."

பாக்கியநாதனுக்கு முதலில் அது புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அவ... எனக்காகச் சொல்லியிருக்கா சேர்."

"அப்ப பொலிசுக்குப் பொய் சொல்லி இருக்கா?" சார்ஜன் கோபப்படவில்லை. களைத்துப் போனவர் மாதிரிக் கேட்டார். "அப்பிடின்னா அதையும் நான் எழுத வேணும். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். இடுப்பு ஒடஞ்சு கெடக்கிற பொம்பளகிட்ட ஏன் பொய் சொன்னதுன்னு கேக்க வேணும். எழுதவா?"

வெளியே வளவில் ஜீப் நின்றது. மழையில் கழுவப்பட்டு, ஒரு கீறல் இல்லாமல், கடையில் வைத்த சாமான் போல இருந்தது. பாக்கியநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜன் அவசரப்படுத்தவில்லை. பக்கத்து மேசையில் யாரோ தொலைபேசியில் பேசி முடித்து வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் வந்து சாவி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் அது ஜெயலெட்சுமியின் மேல்தான் விழும். பொய்யைச் சொன்னாலும் அவள் மேல்தான் விழும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் அங்கே நின்றாள்.

"அடிச்சேன் சேர்" என்றார்.

சார்ஜன் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் றீட்டாவைக் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நேத்தே சொன்னா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அவகிட்டப் போயி, மாத்திச் சொல்லச் சொல்லி நின்னிருப்பீங்க." றீட்டா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அவ என்னா சொன்னா தெரியுமா? மாமாவோட லைசன் போச்சுன்னா, மேல் லயத்துக்கு யாரு வண்டி கொண்டாந்து ஏத்துவான்னு கேட்டா. எனக்கு ஆனது ஆயிருச்சு மாமி, நாளைக்கு இன்னொருத்திக்கு வலி வந்தா என்னா பண்றதுங்கிறா. நான் என்னான்னு பதில் சொல்ல?"



வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். லைசன் கையில் இருந்தது. மேல் லயத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட, பாக்கியநாதன் போனார். வளைவுக்கு வளைவு, நேர்ப் பாதையிலும், ஆளே இல்லாத இடத்திலும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஹயரிலும் அப்படித்தான். ஒரு நாள் வேறொரு பிரிவில் வெள்ளைக் கொடி கட்டியிருந்த பாதையில், முதல் கொடியிலிருந்து கடைசிக் கொடி வரை ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். சாவு வீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தெரிந்த ஆள் என்பதால் யாரும் கல்லெடுக்கவில்லை. கடைசிக் கொடியைத் தாண்டியதும் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின் ஆசனத்தில் இருந்த பயணி, "ஐயா, சொகமில்லியா?" என்று கேட்டார். பாக்கியநாதன் ஜாபிருக்குப் போன் செய்து, வந்து அந்த ஆளை ஏற்றிப் போகச் சொன்னார்.

அதன் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. ஹயர் நிலையத்துக்கு ஒரு தடவைதான் போனார், சும்மா. ஜாபிர் தேநீர் வாங்கிக் கொடுத்தான். வண்டி இறக்குமதி மறுபடி திறந்துவிட்டதையும், அதே பெயரில் இன்னும் புதுசு ஒன்று பதுளைக்கு வந்திருப்பதையும் சொன்னான்.

"இதுல மெதுவாப் போறப்ப வெளிய ஒரு சத்தம் போடுதாம் அண்ணே. ஸ்பீக்கர் வச்சிருக்கானாம். தேனீ மாதிரி உம்முனு. ஆளுங்க ஒதுங்கணும்னுட்டு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. தேநீரை ஊதி ஊதிக் குடித்தான்.

"நல்லதுதான்" என்றார் பாக்கியநாதன்.

ஜெயலெட்சுமிக்கு இன்சூரன்ஸ் ஒன்றும் கொடுக்கவில்லை. பிழை தன்னுடையது என்று அவளே சொல்லியிருந்தாள். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவள் பெயர் வெட்டப்பட்டது. இப்போது ஒரு தடியை ஊன்றி லயத்து வாசல் வரை நடக்கிறாள். கத்தாரில் இருக்கும் அண்ணன் அனுப்புவதில் அவளும் மாரியாயியும் இருக்கிறார்கள். றொனி மூன்றாவது ஜீப்பை அப்புத்தளையில் ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட்டு எல்லயில் வான் ஓட்டுகிறான். நிஷாலினி அவனோடு இருக்கிறாள், மாதத்துக்கொரு முறை வந்து போகிறாள். சார்ஜன் மாற்றலாகி மொனராகலைக்குப் போய்விட்டார். ஜாபிர் இன்னும் அதே இடத்தில் வண்டி போடுகிறான். றீட்டாவுக்குச் சீனி வியாதி கூடி ஒரு கண் மங்கிவிட்டது. பாக்கியநாதன் போன வருசம், மழைக்காலத்தில், நெஞ்சடைத்து இறந்தார். மேல் லயத்துக்கு இப்போது வண்டி எதுவும் போவதில்லை. நோயாளிகளைக் கம்பளியில் கட்டிப் பங்களா வளைவு வரை தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.